பந்தைப் பார்க்காதே

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தில் ஆறாம் நம்பர் சட்டை கிடையாது. ஏழு, எட்டு, ஒன்பதும் கிடையாது. 0, 00, 1 முதல் 5, பிறகு 10 முதல் 15, 20 முதல் 25 என்று தாவித் தாவி 55-இல் முடிந்துவிடும். மைக்கேல் ஜோர்டானின் 23-க்கு எந்தப் பையனும் ஆசைப்படலாம். கோபி பிரயன்ட் தொழில்முறை ஆட்டத்தில் போட்ட 8-க்கு வழியில்லை. காரணம் ரெஃப்ரியின் விரல்கள். ஃபவுல் செய்தவனின் நம்பரை ஸ்கோர் மேசைக்குக் கையால் காட்ட வேண்டும்: வலக்கையில் முதல் இலக்கம், இடக்கையில் அடுத்தது. ஒரு கைக்கு ஐந்து விரல்தானே. நாடு முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் ரெஃப்ரியின் கைக்கு அடங்குகிற நம்பரைத்தான் முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ரெஃப்ரி தேர்வுக்குப் படித்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. சின்ன வயதிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன், ஆனாலும் நம்பர் ஏன் அப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ரெஃப்ரி பற்றியெல்லாம் யார் யோசிக்கிறார்கள், திட்ட வேண்டியிருந்தால் தவிர?

எனக்குச் சொந்த ஊர் பெரியகுளம். மே மாதம் வந்தால் அங்கே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. வெயில் தாழ்ந்த பிறகு விளக்கைப் போட்டு ஆட்டம் நடக்கும். இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ரயில்வே, ராணுவ அணி என்று ஆறரை அடி ஆட்கள் எங்கள் ஊர்த் தெருவில் டீ குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கூடும். எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர். அந்தக் கல்லூரியை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் படித்து வந்தவர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் பீச் பழக்கூடையை ஜிம்மின் பால்கனியில் மாட்டி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில், அதே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான். இதையெல்லாம் மாஸ்டர் எங்களுக்குச் சொன்னதில்லை. பந்தைக் கொடுத்து "ஓடுங்கடா" என்பதோடு அவர் பாடம் முடிந்தது.

வேலைக்கென்று நான் வந்து சேர்ந்த ஊர் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ். டீசல் என்ஜின் தொழிற்சாலை இருப்பதால் நம் ஊர் பொறியாளர்கள் நிறைய உண்டு. ஊரைச் சுற்றி மக்காச்சோளமும் சோயாவும். இங்கே பாஸ்கெட்பாலை வைத்திருக்கும் இடத்தில் மற்ற மாநிலங்களில் அமெரிக்கக் கால்பந்தை வைத்திருப்பார்கள். மைலன் என்றொரு குக்கிராமத்துப் பள்ளி. மொத்தமே 161 மாணவர்கள். 1954-இல் மாநில இறுதி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று ஜெயித்தது. கடைசிப் பந்தைப் போட்டவர் பாபி பிளம்ப். அதற்கு முன்னால் அதே நாலாவது குவார்ட்டரில் நாலு நிமிஷத்துக்கு மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று சொல்லும் ஷாட் கிளாக் இல்லாத காலம். நான் முதல் பெரிய ஆட்டத்துக்கு விசில் ஊதியபோதும் எங்கள் மாநிலத்தில் ஷாட் கிளாக் இல்லை. 1986-இல் வந்த 'ஹூசியர்ஸ்' படம் மைலன் கதையைத் தழுவியதுதான். இங்கே எண்பது வயதுப் பாட்டிகூட மூன்று வினாடி விதியை நமக்கு விளக்குவார். அப்படிப்பட்ட ஊரில் பெரியகுளத்துக்காரன் விசிலை எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கதை சாதாரணமானது. மகன் நடுநிலைப் பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை ஆட்டங்களுக்கு ரெஃப்ரி கிடைக்காமல் தள்ளிப்போகும். ஒருநாள் ஒருத்தர் வந்தார்; இரண்டு குவார்ட்டர் முழுக்கப் பெற்றோர்கள் அவரைக் கிழித்தெடுத்தார்கள். அவர் அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஊர் ஊருக்கு இதே கதைதான். 2018-19-க்குப் பிறகான சில ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 50,000 பள்ளி விளையாட்டு நடுவர்கள் விலகிவிட்டதாகத் தேசியக் கூட்டமைப்பு சொன்னது. கொரோனா ஒரு காரணம். பெற்றோரின் வாய் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். நான் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை வாங்கினேன். "ஆபீஸ்ல வாங்குற திட்டு பத்தாதா?" என்று வீட்டில் கேட்டாள். சின்னப் பிள்ளைகள் ஆட்டம், பிறகு ஒன்பதாம் வகுப்பு, பிறகு ஜே.வி. எனப்படும் இரண்டாம் அணி என்று ஏறி வந்தேன். பள்ளியின் முதல் அணிதான் வார்சிட்டி. ஊர் வந்து பார்ப்பது அதைத்தான். ஜே.வி. ஆட்டம் ஆறு மணிக்கு நடக்கும்போது ஜனங்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து பார்ப்பதே ஏழரை மணிக்குத்தான்.

2021 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஒரு பள்ளியின் விளையாட்டு இயக்குநர் கூப்பிட்டார். மூன்று ரெஃப்ரிகளில் ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்று ராத்திரி வார்சிட்டி, வர முடியுமா? சரி என்று சொன்ன பிறகுதான் வாய் உலர்ந்தது.

பனி கொட்டி, உப்புத் தூவிய கார் நிறுத்தத்தில் தலைமை ரெஃப்ரி எனக்காகக் காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. முதலில் சொன்னது ஆட்டத்தைப் பற்றி அல்ல. "காரைத் திருப்பி நிறுத்து. மூக்கு வாசலைப் பார்த்து இருக்கட்டும்." ஆட்டம் முடிந்ததும் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதாம். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அவருடைய பிக்கப் வண்டியும் அப்படித்தான் நின்றது.

கோச் ஒருவரின் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் இன்சூரன்ஸ் விற்கும் இளைஞர். பேசிக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். எனக்குச் சரியாக வராதது ஷூ கயிறுதான், விரல் நடுங்கியது. பெரியவர் தன் விசிலைக் காட்டினார்: ஃபாக்ஸ் 40. அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் உள்ளே குண்டு உருளுகிற விசில்தான். எச்சில் பட்டுக் குண்டு ஒட்டிக்கொண்டால் சத்தமே வராது. ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடாக்காரர், அவரும் ரெஃப்ரி, விசில் ஊதியும் சத்தம் வராத அவஸ்தையை அனுபவித்துவிட்டுக் குண்டில்லாத விசிலைச் செய்தார். அது உலகத்துக்கு அறிமுகமானது 1987-இல், இதே மாநிலத்தின் இண்டியானாபோலிஸில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டில். "இனிமேல் விசில் மேல் பழி போட முடியாது" என்றார் பெரியவர்.

பிறகு பாடம் நடந்தது. மூன்று பேர் ஊதும்போது ரிங்குக்குக் கீழே எண்ட் லைனில் நிற்பவர் லீட். பின்னால் வருபவர் டிரெயில். எதிர்ப்பக்கம் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக நிற்பவர் சென்டர். ஆட்டம் திரும்பத் திரும்ப இந்த இடங்கள் மாறும். ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் ஒரு பகுதி சொந்தம். அடுத்தவர் பகுதியில் பந்து இருந்தால் அதை அவர் பார்த்துக்கொள்வார். நீ உன் பகுதியில் பந்தில்லாமல் முட்டிக்கொள்ளும் பையன்களைப் பார். இதெல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். கடைசியில் அவர் விரலை நீட்டிச் சொன்னது மட்டும் மண்டையில் தங்கியது. "பந்தைப் பார்க்காதே. பந்து யாரையும் அடிக்காது. பந்து உன் பக்கம் வந்தாலும் டிஃபெண்டரைப் பார். அவன் ஒழுங்காக நின்றால் தப்பு மற்றவனுடையது. அவன் ஒழுங்காக நிற்கவில்லை என்றால் தப்பு அவனுடையது. விடை எப்போதும் அவன் காலில்தான் இருக்கும்."

ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்பே தரைக்கு வந்துவிட வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து அதிகாரம் எங்களுடையது. வார்ம் அப் நேரத்தில் எவனாவது பந்தை ரிங்குக்குள் அறைந்தால் டெக்னிக்கல் ஃபவுல். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு அதற்காகவே நின்றோம். ஜிம் அந்த ஊருக்குப் பொருந்தாத அளவு பெரிது. இண்டியானாவில் இதுதான் வழக்கம், ஊரே உள்ளே உட்கார இடம் இருக்கும். மாணவர்கள் பகுதியில் எல்லாரும் வெள்ளைச் சட்டை. முதல் வரிசைக்காரர்களின் பூட்ஸ் நுனி கிட்டத்தட்ட எல்லைக் கோட்டைத் தொட்டது. பள்ளி பேண்ட் ட்ரம்பெட்டை எடுத்தபோது என் பற்கள் அதிர்ந்தது எனக்கே கேட்டது. தேசிய கீதம் முடிந்தது. பெரியவர் நடு வட்டத்தில் பந்தைத் தூக்கிப் போட்டார்.

வேகம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். ஜே.வி.க்கும் வார்சிட்டிக்கும் நடுவில் இரண்டு வயது வித்தியாசம் இருக்குமா? அந்த இரண்டு வருஷத்தில் பையன்கள் ஆண்களாகிவிடுகிறார்கள். ஜே.வி.யில் ஒருத்தன் டிரிபிள் செய்து உள்ளே வருவதைப் பார்த்து, நிதானமாக இடம் மாறி நிற்கலாம். இங்கே நான் இடம் மாறுவதற்குள் பந்து மூன்று கை மாறியிருந்தது. முதல் இரண்டு நிமிஷம் என் விசில் வாயில் சும்மாவே இருந்தது. பின்கோர்ட்டிலிருந்து பந்தைக் கொண்டுவரப் பத்து வினாடி. அதை டிரெயில் கையை வீசி எண்ண வேண்டும். கை வீசியது, மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று ஓடியது. அந்த எண்ணிக்கைதான் என்னை நிலைக்குக் கொண்டுவந்தது.

கண்ணை அடக்குவதுதான் பெரும்பாடு. நாற்பது வருஷமாகப் பந்தின் பின்னால் ஓடியே பழகிய கண். கோயில் திருவிழாவில் சாமி புறப்படும்போது கூட்டத்தின் செருப்பைக் காவல் காக்கச் சொன்ன மாதிரிதான் இந்த வேலை. மூன்று பாயிண்ட் ஷாட் என் கண் முன்னால் எறியப்படும். அது ரிங்கை நோக்கிப் போகும் வளைவைப் பார்க்க உடம்பே திரும்பும். திரும்பக் கூடாது. எறிந்தவன் கால் தரைக்கு வரும்வரை அவன்தான் நம் பொறுப்பு. டிஃபெண்டர் அவன் காலடியில் காலை வைத்துவிட்டால் கணுக்கால் போய்விடும். பந்து விழுந்ததா என்று கூட்டம் சத்தத்தில் சொல்லிவிடும்.

இதற்கிடையில் கேலரி தன் பாட்டுக்கு விதி சொல்லிக்கொண்டிருந்தது. "ஓவர் த பேக்!" என்று கத்துவார்கள். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு ஃபவுலே கிடையாது. பின்னால் நிற்கிறவன் உயரமாக இருந்து பந்தைப் பறித்தால் அது அவன் பெற்றோர் செய்த தப்பு. முன்னால் இருப்பவனைத் தள்ளினால்தான் நமக்கு வேலை. பந்தைப் பிடித்திருக்கும் கையில் அடி பட்டால் உடனே "கையில் அடிச்சான்!" பந்தின் மேல் இருக்கும் வரை கையும் பந்தில் சேர்ந்தது என்பது விதி. இதை உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மூன்றாவது குவார்ட்டரில்தான் அது வந்தது. நான் லீட், எண்ட் லைனில் நிற்கிறேன். வெள்ளைச் சட்டை 14, உள்ளூர்ப் பையன், வலப்பக்கம் ஒருத்தனைத் தாண்டி நேராக என்னை நோக்கி வருகிறான். சிவப்பு 32 எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே நகர்கிறான். 14-ஐ விட்டுவிட்டு 32-ஐப் பிடித்தேன். இடது கால் ஊன்றியது. வலது கால் ஊன்றியது. மார்பு வருபவனைப் பார்த்து இருக்கிறது. அதற்குப் பிறகுதான் 14 தரையை விட்டு எழும்பினான். எழும்பிய பிறகு வந்து நின்றால் பிளாக்கிங்; எழும்புவதற்கு முன் நின்றுவிட்டால் சார்ஜிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்புதான். முட்டியது 32-இன் நட்டநடு மார்பில். அவன் பின்னால் சரிந்து, முதுகு பலகைத் தரையில் வழுக்கிக்கொண்டு என் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றான். வியர்வைக் கோடு தரையில் பளபளத்தது.

விசில். முஷ்டி மேலே. பிறகு உள்ளங்கை பின்னந்தலையில்: பந்து வைத்திருந்தவன் செய்த ஃபவுல் என்பதற்கான சைகை. அந்த நேரத்தில் ஜிம் எழுந்து நின்று கொண்டாடிக்கொண்டிருந்தது. ஏன் என்று புரிய ஒரு கணம் ஆனது. பந்து விழுந்திருக்கிறது! நான் பார்க்கவே இல்லை. பள்ளி விதிப்படி இந்த வகை ஃபவுலில் கூடை செல்லாது. இரண்டு கையையும் குறுக்கே வீசி அந்த இரண்டு பாயிண்டை அழித்தேன். கொண்டாட்டம் அப்படியே என் மேல் திரும்பியது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் பெரியகுளத்தில் எழுப்பியிருக்கிறேனே தவிர, நடுவில் நின்று வாங்கியதில்லை.

ஸ்கோர் மேசைக்குப் போய் விரல்களைக் காட்டினேன். வெள்ளை, ஒன்று, நான்கு. கோச்சுக்கு நடமாட 28 அடி இடம் உண்டு. உள்ளூர் கோச் அதன் கடைசி அங்குலம் வரை வந்துவிட்டார், முகம் செக்கச்செவேல் என்று. நான் வாயைத் திறக்கும் முன் பெரியவர் எங்கள் நடுவே வந்து நின்றிருந்தார். அவசரமே இல்லை. ஏதோ கேட்டார், கோச் கையை விரித்தார், பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அடுத்த டைம் அவுட்டில் கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று. "நான் எதுவும் சொல்லவில்லை. 32-இன் கால் எங்கே இருந்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை, அந்தப் பையனுக்குத்தான் தெரியும் என்று உன்னைக் காட்டினேன்." நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பையன் என்று ஒருத்தர் சொன்னது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தக் கட்டத்தின் வீடியோவைப் பிறகு பார்த்தேன். 32 ஊன்றித்தான் நின்றிருந்தான்.

நாலாவது குவார்ட்டரில் ஃபவுல் கணக்கு ஏறிவிட்டது. அப்போதிருந்த விதிப்படி ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்': முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது. 2023-24-இல் இதை எடுத்துவிட்டு, குவார்ட்டருக்கு ஐந்து ஃபவுலானால் நேராக இரண்டு த்ரோ என்று ஆக்கிவிட்டார்கள். முட்டல் குறையும், ரெஃப்ரிக்கும் சுலபம். ஆனாலும் எனக்கு வருத்தம்தான். பதினேழு வயதுப் பையனுக்கு அதைவிடத் தனிமையான இடம் ஜிம்மில் வேறு இல்லை. அன்று சிவப்பு அணி இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தபோது, ஒன்பது வினாடி மிச்சம் இருக்க, அவர்களில் ஒருத்தன் ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்றான். மூச்சை இழுத்துவிட்டு எறிந்தான். ரிங்கின் முன்விளிம்பில் பட்டது. வெள்ளைக்கு ரீபவுண்ட்.

ஓடினோம். நான் அப்போது சென்டர், மேசைக்கு எதிர்ப்பக்கம். கடைசி ஷாட் நேரத்துக்குள் கையை விட்டதா என்பதை அந்தப் பக்கத்து ஆள்தான் சொல்ல வேண்டும். மேசைப்பக்கத்து ஆட்கள் தலையிடக் கூடாது. பந்து 14-இடம். அவனும் என் பக்கமே வந்தான். மூன்று பாயிண்ட் கோடு ரிங்கிலிருந்து 19 அடி 9 அங்குலம். அவன் ஷூ நுனி கோட்டைத் தொடவில்லை, என் கை மூன்று விரலோடு மேலே போயிற்று. டிஃபெண்டரின் கை பந்தில் பட்டதா, மணிக்கட்டில் பட்டதா? எதிலும் இல்லை. இனி அவன் விரல் நுனி, போர்டைச் சுற்றியுள்ள சிவப்பு விளக்கு. பந்து விரலை விட்டது. விளக்கு எரிந்தது. இந்த வரிசையில்தான். விழுந்தால் செல்லும், ஜெயிப்பார்கள்.

எனக்கு இடப்பக்கம், ஒரு மூலையில் மட்டும் சத்தம் எழுந்தது. வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த மூலை.

முடிந்ததும் நிற்கக் கூடாது, கை குலுக்கக் கூடாது, மூன்று பேரும் சேர்ந்து ஒரே வாசல் வழியாக வெளியேற வேண்டும். அப்படியே செய்தோம். ஒரு அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தன் கண்ணாடிக் கடையின் விலாசம் வேண்டுமா என்று கேட்டார். நல்ல நகைச்சுவைதான், வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அறையில் பீட்சா வைத்திருந்தார்கள். பெரியவர் ஒரு துண்டை மடித்துத் தின்றுகொண்டே, "உள்ளூர் 23 எப்படி?" என்றார். உதவிக்கு வரும்போது இடது காலைத் தாமதமாக வைக்கிறான், எழும்பும்போது இடுப்பைத் திருப்புகிறான், அடுத்த ஆட்டத்தில் அவன் பேரில் பிளாக்கிங் நிறைய வரும் என்றேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு இன்சூரன்ஸ் இளைஞரைப் பார்த்தார். "ஜனவரியில் எனக்கு இன்னொரு ஆள் தேவைப்படும்" என்றார்.

வீட்டுக்கு வர மணி பதினொன்று. மகன் தூங்காமல் இருந்தான். "யாருப்பா நல்லா ஆடினாங்க?" தெரியலைடா என்றேன். "யாரு நிறையப் பாயிண்ட் போட்டாங்க?" அதுவும் தெரியவில்லை. அவனே போனைத் தேய்த்துப் பார்த்து, வெள்ளை 14 இருபத்தேழு பாயிண்ட் என்று சொன்னான். இருபத்தேழா! அதில் பாதிக்கு நான் பக்கத்திலேயே நின்றிருப்பேன். "நீ மேட்சுக்குத்தான் போனியா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனான்.

பிறகு ஒரு மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னைப் பெரியகுளம் போட்டிக்குக் கூட்டிப்போனார். நல்ல இடம், ரிங்குக்குப் பக்கவாட்டில். பேங்க் அணிக்காரன் ஒருத்தன் இரண்டு பேரைத் தாண்டி எழும்பினான். கேலரி மொத்தமும் எழுந்துவிட்டது. சித்தப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னடா, ஊரே அங்கிட்டுப் பாக்குது, நீ இங்கிட்டுத் தரையப் பாத்துக்கிட்டு இருக்க?"

"அவன் கால் இன்னும் ஊணல சித்தப்பா. பிளாக்கிங்."

"எவன் காலு?"

காட்டினேன். அவர் அந்தப் பையனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பி, அந்தக் கூடை எப்படி விழுந்தது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.